குதிரைத் துணையோடு மனக்காயச் சிகிச்சை: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குதிரைச் சிகிச்சை என்றதும் குதிரைமேல் ஏறி உட்கார்வதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மனக்காயத்துக்கான சிகிச்சையில் பெரும்பாலும் யாரும் ஏறுவதே இல்லை. தரையில் நின்றபடி குதிரையை அணுகுவது, நிற்பது, விலகுவது, தேய்த்துவிடுவது, கயிறு பிடித்துக் கூட நடப்பது. வெளியே தெரியும் வேலை இவ்வளவுதான். விபத்து, வன்முறை, போர், பாலியல் கொடுமை, சின்ன வயதில் பட்ட அடி என்று ஏதோ ஒன்றால் உடம்பு எந்நேரமும் விறைத்துக்கொண்டே இருக்கும் ஒருவர், எவ்வளவு கிட்டே போகலாம், எப்போது நிறுத்தலாம், எப்போது விலகலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் திறனை இழந்திருப்பார். அந்தத் திறனை மீட்டெடுப்பதுதான் இதன் சாரம். கீழே வரும் படிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் தூரத்தைப் பற்றியவை.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே மையங்கள் இருக்கின்றன. இந்தியாவில் குதிரையேற்றப் பள்ளிகளை ஒட்டி ஆங்காங்கே நடக்கிறது. அதிலும் சிறப்புக் குழந்தைகளுக்கான சவாரிதான் அதிகம். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகளும் கவனிக்க வேண்டியவையும் ஒன்றுதான்.

எந்தச் சேவை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பணமும் மாதங்களும் வீணாவது இங்கேதான். ஹிப்போதெரபி என்பது இயன்முறை மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ நடத்துவது. குதிரை நடக்கும்போது அதன் முதுகின் அசைவு ஏறியிருப்பவரின் இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் போகிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு அது உதவும். சிகிச்சைச் சவாரி என்பது மாற்றுத்திறனாளிகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றதும், அதற்கு ஐரோப்பாவில் பெரிய உந்துதல் கிடைத்தது. மூன்றாவது, குதிரைகளோடு தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்வது போன்றவற்றைக் கற்றுத்தரும் வகுப்புகள். இவை சிகிச்சை அல்ல. நான்காவதுதான் உங்களுக்கு வேண்டிய உளசிகிச்சை: உரிமம் பெற்ற மனநல நிபுணர் ஒருவர் களத்தில் நின்று, உங்கள் சிகிச்சைத் திட்டத்தின் பகுதியாக நடத்துவது.

இந்த நான்காவது வகையில் அதிகம் பேசப்படுவது 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறை. அதில் ஒவ்வோர் அமர்விலும் மனநல நிபுணர் ஒருவர், குதிரை வல்லுநர் ஒருவர், குதிரைகள் என்று மூன்று தரப்பும் இருந்தே ஆக வேண்டும், சவாரி கிடையாது. 1969இல் தொடங்கி இன்று பாத் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, பயிற்றுநர்களுக்கும் மையங்களுக்கும் சான்று தருகிறது. இருவர் ஏன் வேண்டும்? ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குதிரையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 400 முதல் 500 கிலோ எடையுள்ள பிராணி அது. உங்கள் கண்ணீரையும் அதன் பின்னங்காலையும் ஒரே ஆளால் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது.

மெரினாவிலோ ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரையிலோ வாடகைக்கு நிற்கும் குதிரையோடு இதை நீங்களே முயலாதீர்கள். அந்தக் குதிரைக்கு விலகிப் போக வழியே இல்லை. விலக முடியாத ஒன்றிடமிருந்து சம்மதத்தைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மேன் ஓ வார் திட்டம் இத்துறையில் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஒன்று. பி.டி.எஸ்.டி. (மனக்காயத்துக்குப் பின் நீடிக்கும் மன அழுத்த நோய்) உள்ள 63 முன்னாள் படைவீரர்களுக்கு வாரம் ஒரு முறை, 90 நிமிடம், 8 வாரம் என்று குதிரைகளோடு குழு அமர்வுகள் நடத்தினார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்தன. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. குதிரையால் வந்த பலன் எவ்வளவு, வாராவாரம் ஒன்றுகூடியதால் வந்த பலன் எவ்வளவு என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை, கண்ணை இருபுறமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர்., செர்ட்ராலின் போன்ற மருந்துகள்: இவற்றுக்கு இதைவிட வலுவான சான்றுகள் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பேசவே முடியாதவர்களுக்கும், பேச்சுச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கும் லாயம் நல்ல நுழைவாயில். எங்கள் கருத்தில் அதன் முதல் பயன் அதுவே. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மையத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

யார் இப்போது போகக்கூடாது

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்பது, மிதமிஞ்சிய எழுச்சி நிலை போன்றவை கட்டுக்குள் வராதவர்கள், அடிக்கடி வலிப்பு வருபவர்கள், குடித்துவிட்டோ போதையிலோ வருபவர்கள், விலங்குகளைத் துன்புறுத்திய அல்லது தீவைத்த பின்னணி உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும். குதிரை முடிக்கு ஒவ்வாமை, கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு லாயத் தூசும் வைக்கோலும் ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகவும்.

மருந்துகள் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று வெயில். லித்தியம் எடுப்பவருக்கு வியர்த்து நீரிழந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். மனநோய் மருந்துகள் சில, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். தூக்கம் தரும் மாத்திரைகள் எதிர்வினையை மந்தமாக்கும். குதிரை திடுக்கிடும் அரை நொடியில் அது பெரிய வித்தியாசம். இவற்றை எடுப்பவர்கள் காலை வெயில் ஏறுமுன் நேரம் கேட்டு வாங்குங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பது

சேருமுன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். சும்மா பார்க்க வரலாமா என்று கேட்டால் தயங்கும் இடம் வேண்டாம். மனநல நிபுணர் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவும் இருக்க வேண்டும். குதிரைப் பயிற்சிச் சான்று மட்டும் வைத்திருப்பவர், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், மனக்காயத்தைத் தொடத் தகுதி பெற்றவர் ஆகமாட்டார்.

அமர்வு நேரத்தில் களத்தைச் சுற்றி யார் இருப்பார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். லாயம் திறந்தவெளி. சவாரி கற்க வந்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் சாணம் அள்ளுகிறவரும் வேலிக்கு அருகே நிற்கும் இடத்தில் நீங்கள் அழ முடியாது. படம் எடுக்கக்கூடாது என்பது எழுத்தில் இருக்கட்டும். அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், வாகனம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

பிறகு குதிரைகளைப் பாருங்கள். விலா எலும்புகள் தொலைவிலிருந்தே எண்ணும்படி தெரியக்கூடாது. 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிதமிஞ்சிய கொழுப்பு) வரையிலான ஹென்னெக் உடல்நிலை அளவில் 4 முதல் 6 வரை இருப்பது நல்லது. தொட்டியில் சுத்தமான தண்ணீர், எந்நேரமும் கொறிக்கப் புல், ஒரு நாளில் சில மணி நேரமாவது மற்ற குதிரைகளோடு அவிழ்த்துவிடும் இடம் இருக்க வேண்டும். குளம்புகளை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை செதுக்குகிறார்களா என்று கேளுங்கள். வாயோரப் புண், சேணம் உரசிய காயம், கம்பியை ஓயாமல் கடித்துக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே இருபுறமும் ஆடிக்கொண்டிருப்பது ஆகியவை துன்பத்தின் அடையாளங்கள். இந்தியாவில் கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனை முடிவையும் கேட்கலாம். குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும், உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைச் செய்கிறது.

சில பேச்சுகளைக் கேட்டதும் திரும்பி வந்துவிடலாம். 'குதிரைக்கு உங்கள் மனம் தெரியும்', 'குதிரையின் இதயத்து மின்காந்தப் புலம் உங்கள் காயத்தை ஆற்றும்', 'மூன்றே அமர்வில் குணம்'. குதிரை மனிதரைக் கூர்ந்து கவனிக்கும் பிராணி என்பது உண்மை. கோபமான மனித முகத்தின் படத்தைப் பார்க்கும்போது குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறுவதை 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்குமேல் ஏற்றிச் சொல்வது விற்பனைப் பேச்சு.

முதல் நாளுக்கு முன்

டெட்டனஸ் தடுப்பூசி போட்டு பத்து ஆண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமி இருக்கும். விரல்களை மூடும் உறுதியான ஷூ வேண்டும். செருப்பு, சாண்டல், மெல்லிய கேன்வாஸ் ஷூ எதுவும் ஆகாது. முழுக்கால் பேன்ட், கை மூடிய பருத்திச் சட்டை. துப்பட்டா, தொங்கும் கம்மல், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரட்டும், கயிற்றில் சிக்கும் நகை உங்களைக் காயப்படுத்தும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தரை வேலைதானே என்று தலைக்கவசத்தை மறுக்காதீர்கள். கேரட்டோ வெல்லமோ சட்டைப்பையில் வேண்டாம். கையால் தின்னக் கொடுத்துப் பழக்கினால் குதிரை பையைத் தேடிக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். அதோடு, தீனிக்காக வருகிறதா உங்களுக்காக வருகிறதா என்பதும் தெரியாமல் போகும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள்.

இவற்றைவிட முக்கியம் சிகிச்சையாளரோடு முன்கூட்டியே பேசிவைப்பது. உங்களைத் தூண்டிவிடுபவை எவை? பின்னாலிருந்து யாராவது தொடுவது, ஓங்கிய ஆண் குரல், தோல் வாசனை, கயிறு, கதவு அறைந்து சாத்தும் சத்தம். லாயத்தில் இவை எல்லாமே இருக்கும், எனவே சொல்லிவைத்தால்தான் விலக்க முடியும். கயிற்றால் கட்டப்பட்ட அனுபவம் உள்ளவருக்கு முதல் வாரமே கயிறு கொடுக்கக்கூடாது. அடுத்து, நிறுத்தும் சைகை ஒன்றை முடிவு செய்யுங்கள். அது வாய்ச்சொல்லாக இருந்தால் பயனில்லை, ஏனென்றால் உறைந்துபோகும் நேரத்தில் குரல் வராது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் எல்லாரும் நிறுத்த வேண்டும் என்பதுபோல ஒன்று போதும். பதற்றத்தை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் பழக்கத்தையும் அன்றே தொடங்குங்கள். 7க்கு மேல் போனால் அன்றைக்கு முன்னேற வேண்டாம், பின்வாங்க வேண்டும்.

குதிரையின் உடம்பைப் படிப்பது

எட்டு வாரத் திட்டம் ஒன்றை மனதில் வைத்தே இனி வருபவற்றைச் சொல்கிறோம். முதல் இரண்டு வாரம் குதிரையின் உடம்பைப் படிப்பதற்கே போனாலும் நல்லதுதான். மனக்காயம் பட்டவர்கள் மனித முகங்களில் ஆபத்தைத் தேடிக் களைத்தவர்கள். ஓர் உடம்பு சொல்வதை அவசரமில்லாமல் பார்க்கப் பழகுவது அவர்களுக்கு அரிதாகக் கிடைக்கும் ஓய்வு.

குதிரை வேட்டையாடப்படும் இனம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் சற்று இடமும், வாலுக்கு நேர் பின்னால் சற்று இடமும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலும் நீங்கள் நிற்கக்கூடாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும்போது அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். களத்தில் விழுந்திருக்கும் மர நிழலைக்கூடப் பள்ளம்போல நினைத்து நிற்கும். காதுகள் தனித்தனியாகத் திரும்பும், கவனம் எங்கே என்பதைக் காது காட்டிவிடும்.

அமைதியாக இருக்கும் குதிரையின் தலை முதுகு மட்டத்திலோ அதற்குக் கீழோ தாழ்ந்திருக்கும். கீழுதடு தளர்ந்து தொங்கும், காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், ஒரு பின்னங்காலின் குளம்பு நுனி மட்டும் தரையில் படும்படி ஓய்வாக வைத்திருக்கும். தலை உயர்வது, கண்ணில் வெள்ளை தெரிவது, மூக்குத்துளை விரிவது, முகவாய் இறுகுவது, மெல்லுவதை நிறுத்துவது, வாலை வெடுக்கென்று சுழற்றுவது பதற்றத்தின் அடையாளங்கள். இரண்டு காதும் பின்னால் ஒட்டிப் படுத்துவிட்டால் அது எச்சரிக்கை. விலகுங்கள், அவசரப்படாமல். உதட்டை நக்கி மெல்லுவதைக் கண்டதும் 'குதிரை உங்களை ஏற்றுக்கொண்டது' என்பார்கள் சிலர். அது பெரும்பாலும் பதற்றத்திலிருந்து தளர்வுக்கு மாறும்போது வருவது. அதைப் பார்த்தால், சற்று முன் குதிரையைப் பதற வைத்தது எது என்று கேளுங்கள்.

ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். மூச்சு 8 முதல் 16. வேலிக்கு வெளியே உட்கார்ந்து அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவது நல்ல முதல் பயிற்சி. எண்ணும்போதே உங்கள் மூச்சு மெதுவாகும். அதை வலிந்து செய்யத் தேவையில்லை.

முதல் அமர்வு

முதல் 15 நிமிடம் வேலிக்கு வெளியே. எத்தனை குதிரைகள், எது எதன் அருகில் நிற்கிறது, எது தனியாக நிற்கிறது என்று பாருங்கள். எந்தக் குதிரையிடம் போக விருப்பம் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். எதனிடமும் போக விருப்பமில்லை என்பதும் சரியான பதில். அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தாலும் அது வீண் அல்ல.

உள்ளே போகும்போது வெளியேறும் வாசல் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரையை நோக்கி நேர்க்கோட்டில் நடக்காமல், அதன் இடது தோளை நோக்கிச் சாய்வாக, லேசாக வளைந்து நடங்கள். கண்ணை உறுத்துப் பார்க்க வேண்டாம். அதன் காது உங்கள் பக்கம் திரும்பினாலோ மெல்லுவது நின்றாலோ அந்த இடத்திலேயே நில்லுங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். குதிரை திரும்ப மெல்லத் தொடங்கினால் இன்னோர் அடி வைக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டு அடி பின்னால் வாருங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்: பின்வாங்குவதைத் தோல்வியாக எண்ணுகிறார்கள். பின்வாங்கிய பிறகுதான் குதிரை முதன்முதலாக உங்களை ஆர்வத்தோடு பார்க்கும். தன் மறுப்பு மதிக்கப்படுகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஒரு கை நீளம் இருக்கும்போது நின்று, விரல்களை மடக்கிப் புறங்கையைத் தாழ்வாக நீட்டுங்கள். மிச்ச தூரத்தைக் குதிரை கடக்கட்டும். முகர்ந்து பார்த்த பின், முகத்தைத் தொடாமல், கழுத்து தோளோடு சேரும் மேட்டில் கை வையுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூன்று நொடி சொறிந்துவிட்டு கையை எடுங்கள். குதிரை அங்கேயே நின்றாலோ உங்கள் பக்கம் சாய்ந்தாலோ தொடரலாம். விலகினால் விடுங்கள். இந்த மூன்று நொடிச் சோதனையை எட்டு வாரமும் விடாமல் செய்யுங்கள்.

அமர்வின் கடைசி 15 நிமிடம் குதிரையை விட்டு வந்து சிகிச்சையாளரோடு உட்காரும் நேரம். என்ன பார்த்தீர்கள், உடம்பில் எங்கே என்ன தோன்றியது, பதற்ற எண் எவ்வளவு ஏறி இறங்கியது. நேரம் போதாமல் இதை விட்டுவிடும் மையங்கள் உண்டு. விடவே கூடாத பகுதி இதுதான்.

அடுத்து வரும் வாரங்கள்

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தேய்த்துவிடும் வேலை வரும். முதலில் ரப்பர் சொறிப்பான். கழுத்து, தோள், முதுகு, தொடை போன்ற சதைப் பகுதிகளில் மட்டும் வட்டமாகச் சுழற்றுங்கள். பிறகு கடின பிரஷ், முடி படியும் திசையில், சிறு வீச்சாக. கடைசியில் மென்மையான பிரஷ், முகத்துக்கும் கால்களுக்கும். வயிற்றடியும் விலாவுக்குப் பின்னுள்ள மடிப்பும் கூச்சமான இடங்கள், அங்கே அழுத்தாதீர்கள். பின்பக்கம் சுற்றிப் போக வேண்டுமென்றால் ஒன்று: ஒரு கையைக் குதிரையின் பிட்டத்தில் வைத்தபடி உடம்பை ஒட்டிப் போங்கள். அல்லது உதை எட்டாத அளவுக்கு, மூன்று மீட்டருக்கு அப்பால் சுற்றிப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் போவதுதான் உதை விழும் தூரம்.

குளம்பைச் சுத்தம் செய்வது நான்காம் வாரத்துக்கு முன் வேண்டாம். குனிந்து, முதுகைக் காட்டி, கனமான காலைக் கையில் தாங்கும் அந்த நிலை பலருக்குப் பழைய பயத்தைக் கிளப்பும். குதிரைக்கும் ஓடத் தேவையான காலை ஒப்படைப்பது சிறு விஷயம் அல்ல.

கயிறு பிடித்து நடப்பது அதன் பிறகு. ஹால்ட்டரில் (குதிரையின் தலையில் போடும் பட்டை) மாட்டும் கயிறு 3 முதல் 3.5 மீட்டர் நீளம் இருக்கும். குதிரையின் இடப்பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவே நில்லுங்கள். கொக்கியிலிருந்து ஒரு சாண் கீழே வலது கை. மிச்சக் கயிற்றை மடிப்பு மடிப்பாக இடது கையில் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை துள்ளினால் சுற்றிய கயிறு விரலைத் துண்டாக்கும், ஆளையும் இழுத்துப் போகும். நடக்கக் கயிற்றை இழுக்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து நிமிர்ந்து முதல் அடியை நீங்கள் வையுங்கள். நிறுத்த, மூச்சை வெளியே விட்டுக் காலை ஊன்றுங்கள். குதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தால் அது நகராது, ஏனென்றால் உங்கள் உடம்பு 'நில்' என்றும் கை 'வா' என்றும் சொல்லும். இந்த முரண்பாடு பல பேருக்கு வீட்டிலும் இருப்பது. சிகிச்சையாளர் அதைப் பிடித்துப் பேசலாம், ஆனால் நீங்கள் கண்டுகொண்ட பிறகு பேசினால்தான் பயன்.

ஐந்து, ஆறு வாரங்களில் எல்லை வகுப்பதைப் பழகலாம். குதிரை உங்கள் இடத்துக்குள் வந்து தோளால் நெருக்கும்போது அதை இரண்டு அடி பின்னால் போகச் சொல்வது. கயிற்றை லேசாக ஆட்டி, நிமிர்ந்து, ஓர் அடி முன்வையுங்கள். அது ஒரு காலைப் பின்வைத்த உடனே நீங்களும் தளர்ந்துவிடுங்கள். அடிக்காமல், கத்தாமல், 'இவ்வளவு கிட்டே வேண்டாம்' என்று ஒரு பெரிய உடம்பிடம் சொல்லி அது கேட்டுக்கொள்வது, வன்முறைக்கு ஆளானவர்களில் சிலருக்கு வாழ்நாளில் முதல்முறையாக நடப்பது. இந்த ஒன்றுக்காக மற்ற வாரங்களைச் சுருக்கினாலும் தகும்.

15 முதல் 18 மீட்டர் விட்டமுள்ள வட்ட அடைப்பில் குதிரையைக் கயிறின்றி ஓடவிட்டு, அது களைத்து உங்களிடம் வரும்வரை துரத்தும் ஒரு முறை உண்டு. பார்க்க அழகாக இருக்கும். மனக்காயம் உள்ளவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஒன்றை ஓடவைத்து அடிபணியச் செய்வதில், துரத்துகிறவராகவோ துரத்தப்படும் குதிரையாகவோ அவர் தன்னையே பார்த்துவிடுவார். அதே அடைப்பில் குதிரையைச் சும்மா அவிழ்த்துவிட்டு, நீங்கள் நடுவில் நின்று, அது வருமா வராதா என்று காத்திருப்பது போதும்.

பிசகும் இடங்கள்

மனம் விலகிப்போவது அடிக்கடி நடக்கும். பிரஷ் பிடித்த கை அப்படியே நிற்கும், பார்வை ஓரிடத்தில் குத்திட்டிருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. அப்போது முதலில் குதிரை வல்லுநர் கயிற்றை வாங்கிக் குதிரையை நகர்த்த வேண்டும். பிறகுதான் பேச்சு. காலடி மண்ணை அழுத்தச் சொல்வது, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்வது, குளிர்ந்த தண்ணீர் கொடுப்பது. இந்த நேரத்தில் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள்.

குதிரை விலகிப் போனால் 'இதற்கும் என்னைப் பிடிக்கவில்லை' என்ற எண்ணம் உடனே வரும். ஈ கடித்திருக்கலாம், தண்ணீர் தாகமாக இருக்கலாம், கூட்டாளிக் குதிரை கனைத்திருக்கலாம். நல்ல சிகிச்சையாளர் 'குதிரை உங்கள் கோபத்தை உணர்ந்து விலகியது' என்று தன் விளக்கத்தைத் திணிக்கமாட்டார். என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்.

குதிரை காலை மிதித்துவிட்டால் காலை இழுக்காதீர்கள், தோல் கிழியும். அதன் தோளைத் தள்ளி எடையை மறுபக்கம் மாற்றச் செய்யுங்கள். திடுக்கிட்டுத் துள்ளினால் கயிற்றை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள்; மூடிய களம் என்பதால் குதிரை எங்கேயும் போய்விடாது.

அமர்வு நடந்த இரவும் மறுநாளும் கெட்ட கனவு, எரிச்சல், அழுகை வரலாம். அன்று மாலை கனமான வேலையோ குடும்பச் சண்டைக்கு வாய்ப்புள்ள சந்திப்போ வைத்துக்கொள்ளாதீர்கள். கூட வந்தவர் வழியெல்லாம் 'என்ன நடந்தது' என்று துருவிக் கேட்க வேண்டாம். மூன்று நாளாகியும் அடங்காவிட்டால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையாளரை அழையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

ஒரே குதிரைமேல் அளவுக்கு மீறிப் பற்று வைப்பதும் நடக்கும். குதிரைக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வரலாம், ஓய்வு கொடுக்கப்படலாம், இறந்தும் போகலாம். ஆரம்பத்திலிருந்தே இரண்டு குதிரைகளோடு பழகுங்கள். அப்படி ஏதாவது நடந்தால் அது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரியவரக்கூடாது, சிகிச்சையாளர் நேரில் சொல்ல வேண்டும் என்று முன்பே கேட்டுவையுங்கள்.

எட்டு வாரம் முடியும்போது

கடைசி அமர்வு எது என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் பிரிந்தவர்களும் சட்டென்று பறிபோனவர்களும் உங்கள் வாழ்வில் இருந்திருக்கலாம். இந்தப் பிரிவாவது முறையாக நடக்கட்டும். அன்று புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். தேய்த்துவிடுங்கள், நடத்திக்கொண்டுபோய் மேய்ச்சல் இடத்தில் ஹால்ட்டரை அவிழ்த்துவிடுங்கள்.

சேரும்போது பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 போன்ற வினாத்தாள் ஒன்றை நிரப்பியிருப்பீர்கள். 20 கேள்விகள், மொத்தம் 80 புள்ளி; 31 முதல் 33க்கு மேல் இருந்தால் பி.டி.எஸ்.டி. இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு மேலும் பரிசோதிப்பார்கள். அதே வினாத்தாளை நான்காம் வாரத்திலும், முடிவிலும், மூன்று மாதம் கழித்தும் நிரப்புங்கள். 10 முதல் 15 புள்ளியாவது இறங்கியிருந்தால் பலன் உண்டு என்று பொருள். இறங்கவில்லை என்றால் இன்னொரு எட்டு வாரத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மனநல மருத்துவரிடம் போய், இ.எம்.டி.ஆர். அல்லது மனக்காயத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நேரம் கேளுங்கள்.